எம்போரியம்
காத்தான்குடியில் புடவைக்கடைகூட ‘எம்போரியம்’ ஆகிவிட்டது. கிரேக்க ‘எம்போரோஸ்’ முதலில் பிறர் கப்பலில் ஏறிப்போகும் பயணி. பிறகு கடல் வணிகன். அவன் சரக்கு இறக்கிய துறைநகர் ‘எம்போரியொன்’. பண்டைய புவியியலாளர் தாலமி காவிரிப்பூம்பட்டினத்தை அப்படித்தான் குறித்தார்; மாதோட்டம் எனப் பலர் கருதும் ‘மொதூத்து’வையும். வைக்கிங்குகளின் துறைநகரான ஹெடபிக்கும் ஆய்வாளர் இதே பெயரைத் தருகிறார்கள். 1980களில் மாதோட்டத்தை, அதாவது மாந்தையை, அகழ்ந்தபோது மேற்காசிய நீலப்பச்சை மெருகுச் சாடித் துண்டுகளும் சீன மட்பாண்டங்களும் வந்தன; பின்னைய அகழ்வில் ஒரு கராம்பு! அத்தனை பெரிய சொல்லை நாலு கண்ணாடி அலுமாரிக்குள் அடைத்துவிட்டோம். ஊருக்கு ஈடான தமிழ் ‘பட்டினம்’. கடலோர வணிக ஊரின் பெயர் அது. கடைக்கு? ‘பண்டகசாலை’ என்றால் கூட்டுறவுச் சங்கத்து மண்ணெண்ணெய் மணக்கிறது. ஆனாலும் என் வாக்கு அதற்கே.