சுங்கானும் சுருட்டும் வெற்றிலையும்: மலைநாட்டுப் புகையிலை வரலாற்றில் ஓய்வின் இடம்

புகையிலையின் வரலாறு என்றதும் அதன் பயிர்ச்செய்கை, வாணிபம், வரி ஆகியனவே முதலில் நினைவுக்கு வருவன. அவ்விலையை யார், எவ்விதமாக, எந்நேரத்தில் நுகர்ந்தனர் என்னும் வினா சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வுகளை விளங்கிக்கொள்வதற்கு அவ்வினா பெரிதும் துணைசெய்வதாகும். கண்டி நகரின் வடகிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சாரலில் அமைந்த பன்வில போன்ற தோட்டப் பிரதேசங்களை முன்வைத்து நோக்கும்போது இவ்வுண்மை தெளிவாகும்.

அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட புகையிலை ஐரோப்பியர் வழியாகவே ஆசியாவில் பரவியது. யாழ்ப்பாணத்தில் அது பெருஞ்செய்கையாக வளர்ந்து, ஒல்லாந்தர் காலத்தில் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. கண்டி இராச்சியமும் அதனை அறிந்திருந்தது. 1660இல் சிறைப்பட்டு 1679இல் தப்பிச்சென்ற ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், தாம் ஊரூராகச் சென்று விற்ற பண்டங்களுள் புகையிலையையும் குறிப்பிடுகின்றார். அவரது நூல் 1681இல் வெளிவந்தது. எனவே 1815இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றுவதற்கு ஒரு நூற்றாண்டிற்கு மேலாக முன்னரேயே மலைநாட்டார் இவ்விலையை அறிந்திருந்தனர் எனக் கொள்ளலாம்.

ஆங்கிலேயரின் வருகையோடு கோப்பிச் செய்கை மலைச்சாரல்களிற் பரவியது. தோட்டங்களை அமைக்க வந்த துரைமார், சுங்கான் புகைக்கும் வழக்கம் ஆழ வேரூன்றிய சமுதாயத்திலிருந்து வந்தவர்கள். அந்நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர் பெரிதும் விரும்பிய சுங்கான் ‘மீர்ஷம்’ எனப்பட்டது. ஜேர்மன் மொழியில் இதற்குக் ‘கடல்நுரை’ என்பது பொருள். துருக்கியின் எஸ்கிசெகிர்ப் பகுதியில் அகழப்படும் மென்மையான வெண்ணிறக் கனிமத்தை வியன்னா முதலிய நகரங்களின் கைவினைஞர் செதுக்கி, தேன்மெழுகு ஊட்டி மெருகிட்டனர். நுண்துளைகள் நிறைந்த அக்கல், புகையின் ஈரத்தையும் கசட்டையும் உறிஞ்சி, ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளும் கபிலமுமாக நிறம் மாறும். அந்நிற மாற்றமே உடையவரின் பெருமையாகக் கருதப்பட்டது.

இச்சுங்கானை அணையாது புகைப்பது பயிற்சியால் அமையும் ஒரு கலை. புகையிலை மிகவும் ஈரமாக இருப்பின் தணல் நிலைக்காது; மிகவும் உலர்ந்திருப்பின் விரைந்தெரிந்து நாவைச் சுடும். கிண்ணத்தின் அடியில் இலையைத் தளர்வாகவும், நடுவிற் சற்று இறுக்கமாகவும், மேலே அதனினும் இறுக்கமாகவும் நிரப்புதல் வேண்டும். முதலில் தீயிட்டதும் இலை பொங்கி எழும். அதனை மெல்ல அழுத்திய பின்னர் மீண்டும் தீயிடுவர். அதன்பின் ஆறுதலாக, மூச்சின் கதிக்கேற்ப, இடைவிட்டு இழுத்தல் வேண்டும். மேலே படியும் சாம்பலை முற்றாகத் தட்டிவிடாது இலேசாக அழுத்திவிடின், அது தணலைக் காக்கும் போர்வையாகின்றது. அவசரப்படுபவரின் சுங்கான் ஒன்றில் அணைந்துவிடும், அல்லது கொதித்துவிடும். மீர்ஷத்திற்கோ மேலதிகக் கவனம் வேண்டும்: உள்ளே கரி தடித்துப் படிந்தால் கிண்ணம் வெடிக்கக்கூடும், தவறி விழுந்தால் உடைந்துபோகும்.

இக்கலைக்கு இன்றியமையாத மூலப்பொருள் புகையிலையோ நெருப்போ அன்று, நேரமேயாகும். ஒரு கிண்ணம் புகையிலை எரிந்து முடிய முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ செல்லலாம். அவ்வளவு நேரமும் ஒரு கை சுங்கானுக்கென ஒதுக்கப்படுதல் வேண்டும். தன் நேரத்தையும் தன் கையையும் தானே ஆள்பவனுக்கே இது இயலும்.

சுருட்டு இவ்வகையில் இடைநிலையில் நிற்கின்றது. ஆங்கிலத்தில் சுருட்டைக் குறிக்கும் ‘செரூட்’ என்ற சொல் தமிழிலிருந்தே சென்றது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. யாழ்ப்பாணத்து வணிகர் தென்னிலங்கையிலும் மலைநாட்டிலும் நடத்திய சுருட்டுக்கடைகள் பிரசித்தமானவை. சுருட்டுக்கு அழுத்துதலோ துப்புரவோ வேண்டியதில்லை. வேலை வந்தால் அணைத்துக் காதிற் செருகி, வேலை ஓய்ந்ததும் மீண்டும் பற்றவைக்கலாம்.

தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் எளிதன்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிச் செய்கையை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பெற்றது. கோப்பி, பருவத்திற்கு மட்டும் பெருந்தொகைக் கைகளை வேண்டிய பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஒரு மலையை எடுத்து முடித்துச் சில நாட்களில் மீண்டும் அதே மலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. தலையிற் கயிறும் முதுகிற் கூடையுமாக நிற்கும் பெண்ணின் இரு கைகளும் கொழுந்துக்கே உரியன. மழையில் நெருப்பும் நிலைக்காது. ஆகவே புகையிலை அவளிடம் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றோடு வாயினுள் அடக்கப்படும் பொருளாயிற்று. அது குளிரையும் பசியையும் களைப்பையும் சிறிது மறக்கச் செய்தது, கையை மறிக்கவில்லை, வேலையை நிறுத்தவில்லை. வெற்றிலை நம் மக்களின் தொன்மையான மங்கலப் பொருள் என்பது உண்மையே. எனினும் விருந்தின் பின்னர் தரிக்கும் தாம்பூலம் வேறு, வேலை நேரம் முழுவதும் கடைவாயில் ஒதுக்கிவைக்கும் புகையிலை வேறு.

இவ்வேறுபாட்டின் விலை பெரிது. புகையிலை கலந்த வெற்றிலை மெல்லுதல் புற்றுநோயை விளைவிக்கும் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985இல் உறுதிசெய்தது. இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோயே முதலிடம் பெறுகின்றது. தோட்டப் பகுதிகளும் அதனாற் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளன. சுங்கானும் தீங்கற்றதன்று, உதட்டிலும் வாயிலும் தொண்டையிலும் அது நோயை விளைவிக்கும். ஆயின் ஓய்வுக்காகப் புகைத்தவன் தன் விருப்பத்தால் அத்தீங்கை ஏற்றான். ஓய்வின்மையால் மென்றவளுக்கோ அத்தகைய தெரிவு இருந்ததெனக் கூறுதல் அரிது.

ஆகவே, தோட்டங்களிற் புகையிலைப் பழக்கத்தை அறியாமை என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முனைவது பொருந்தாது. அறிவுரையும் சட்டமும் வேண்டியனவே. எனினும் மலையிலே நிற்பவளுக்குச் சற்று அமர்ந்து இளைப்பாற நேரமும், பசியாற உணவும், மழைக்கு ஒதுங்க இடமும் கிடைக்கும்வரை அப்பழக்கத்தின் வேர் அறுபடாது. ஒருவன் தன் சுங்கானை அணையாது காத்த பொழுதுகளுக்குப் பின்னால், பொழுதே இல்லாத பலரின் உழைப்பு இருந்தது. மலைநாட்டின் புகையிலை வரலாறு நமக்குணர்த்துவது இதுவேயாகும்.