கொத்தனாரின் நூல்

“ஒரு நூல் வெளியே நிக்குது, தட்டு” என்று மேஸ்திரி குரல் கொடுத்தால் அவர் கயிற்றைச் சொல்லவில்லை, அளவைச் சொல்கிறார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். சுமார் 3 மில்லிமீட்டர். டேப்பில் மில்லிமீட்டர் ஏறி எத்தனையோ காலமாகியும் இந்த நூல் அறுபடவில்லை. கம்பிக் கடையிலும் ‘மூணு நூல் கம்பி’தான். இந்திக்காரக் கொத்தனாரின் ‘சூத்’தும் இதே அளவுதான், அதற்கும் இழை என்றே பொருள்.

நூற்றல் என்ற வினையில் பிறந்த இழை, புத்தகத்துக்குப் பெயரானது எப்படி? ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் நன்னூலில் இரண்டு விளக்கம் தருகிறார். சொல்லைப் பஞ்சாகவும் புலவரை நூற்பவராகவும் காண்பது ஒன்று. மரத்தின் கோணலைத் தச்சரின் நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைத் தீர்ப்பது என்பது மற்றொன்று. எனக்குப் பின்னதில்தான் நம்பிக்கை. இழை இருந்தால் மட்டும் நேர் வந்துவிடாது. இரு முனையிலும் இழுத்துக் கட்ட வேண்டும்.

நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுப்பவர்கள் நண்பகலில் கோல் நட்டு, நிழல் பார்த்துத் திசை குறிக்கிறார்கள். அங்கே அவர்கள் பிடிப்பது கயிறு. நூல் என்பது அவர்கள் கற்றது. வடமொழிச் சூத்திரத்துக்கும் இந்த இரட்டை வாழ்வு உண்டு. நாடகத்தை நடத்தும் சூத்திரதாரரின் பெயர் தச்சருக்கும் உரியது.

சுவருக்கு வருவோம். முதலில் இரு மூலைகளிலும் ஐந்தாறு வரி ஏற்றுவார்கள். தூக்குக்குண்டில் செங்குத்தும் ரசமட்டத்தில் கிடையும் பார்ப்பார்கள் (பெயரில் ரசம் இருந்தாலும் குழலுக்குள் இருப்பது பாதரசமல்ல, பெரும்பாலும் சாராயம்). பிறகு மூலைக்கு மூலை நூல். செங்கல்லின் மேல்விளிம்பு நூலை ஒட்டி உட்கார வேண்டும், ஆனால் தொடக் கூடாது. தொட்ட கல் நூலைத் தள்ளும். அடுத்த கல் தள்ளிய நூலைப் பார்த்து உட்காரும். சுவருக்குத் தொந்தி விழும்.

நேரான எதையும் ‘நூல் பிடித்தாற்போல’ என்கிறோம். நீளச் சுவர் கட்டியவர் இதைக் கேட்டால் சிரிப்பார். கிடையாகக் கட்டிய எந்த நூலும் தன் எடையால் நடுவில் தொய்யும். அதே இழுவிசையில் நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு நான்கு மடங்கு. 10 அடிச் சுவரில் கண்ணுக்கே தெரியாதது, 40 அடி மதிலில் 16 மடங்காகிவிடும். நைலான் நூலை விறைப்பாக இழுக்கலாம். தொய்வு குறையும், ஒழியாது. அதனால் நடுவில் ஒரு கல்லைக் கலவையில் பதித்து, நூலை அதன்மேல் தாங்கவிட்டு, காற்றில் விலகாதபடி ஓர் ஓட்டுத் துண்டைப் பாரம் வைப்பார்கள். மேஸ்திரி மூலையில் குனிந்து ஒரு கண்ணை மூடி நூல்வழியே பார்ப்பார்.

“நடுக்கல்லை இன்னும் ஒரு நூல் ஏத்து.”