சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு முதலில் எது: சஸ்பென்சனா, பிரேக்கா?

லண்டனில் எமது பிள்ளைகள் படிப்பு முடித்து வேலைக்குப் போகத் தொடங்கியதும் வாங்குவது பெரும்பாலும் ஒரு சின்னக் கார்தான். மினி கூப்பர், ஃபோர்ட் ஃபியெஸ்ரா எஸ்ரி, சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் என்று உருவத்தில் சிறிய, ஓட்டத்தில் துடிப்பான கார்கள். வாங்கிச் சில மாதங்களுக்குள் வீட்டில் ஒரு பேச்சுத் தொடங்கும். "சஸ்பென்சனை மாத்தப் போறன்" என்பார் மகன். "பெரிய பிரேக் போட்டால்தான் பாதுகாப்பு" என்பார் அவரின் நண்பர். பெற்றோராகிய நாம் ஒன்றில் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்கிறோம், அல்லது என்ன ஏது என்று கேளாமல் காசைக் கொடுத்துவிடுகிறோம். இரண்டாலும் பயனில்லை.

சஸ்பென்சன் என்ன செய்கிறது, பிரேக் என்ன செய்கிறது, லண்டன் வீதியில் ஓடும் ஒரு காருக்கு எதை முதலில் செய்வது, காப்புறுதி நிறுவனத்துக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பவற்றை இங்கே ஒழுங்காகத் தருகிறோம். கார் பற்றி ஒன்றும் தெரியாத தாய் தகப்பனும் பிள்ளையோடு இருந்து கதைக்கக் கூடிய அளவுக்கு இது போதும்.

நிறுத்துவது எது?

பிரேக் சில்லின் சுழற்சியைத்தான் பிடிக்கிறது. காரைப் பிடித்து நிறுத்துவது வீதியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரயர். ஒவ்வொரு ரயரும் வீதியில் தொடும் இடம் ஏறக்குறைய எமது உள்ளங்கையளவு. ஒரு தொன்னுக்கு மேற்பட்ட கார் இந்த நாலு உள்ளங்கைகளை நம்பித்தான் ஓடுகிறது, திரும்புகிறது, நிற்கிறது.

இன்றைய கார்களில் ஏபிஎஸ் என்ற பூட்டுத்தடுப்பு முறை இருக்கிறது. சடுதியாகப் பிரேக்கை முழுப்பலத்தோடு மிதிக்கும்போது காலின் கீழ் மிதி படபடவென்று அதிர்ந்தால், அந்தப் பிரேக் ரயரின் பிடியை மீறும் அளவுக்குப் பலமாக இருக்கிறது என்று பொருள். அப்படியான காரில் இன்னும் பெரிய டிஸ்க்கைப் போட்டாலும், 30 மைல் வேகத்தில் ஒரு தடவை நிறுத்தும் தூரம் குறிப்பிடும்படியாகக் குறையாது. ரயரின் பிடிதான் அங்கே எல்லை.

ஹைவே கோட் தரும் தூரங்களை எல்லோரும் சாரதிப் பரீட்சைக்குப் படிக்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். 20 மைல் வேகத்தில் மொத்தம் 12 மீற்றர். இதில் மனம் முடிவெடுக்கும் நேரத்தில் ஓடுவது 6, பிரேக் பிடித்தபின் ஓடுவது 6. 30 மைலில் 9 உம் 14 உம் சேர்ந்து 23 மீற்றர். 60 மைலில் 18 உம் 55 உம் சேர்ந்து 73 மீற்றர். வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்து ஓடும் தூரம் ஏறக்குறைய நாலு மடங்காவதைக் கவனியுங்கள். அசைவின் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதே காரணம்.

பிரேக்கின் பிரச்சினை வெப்பம்

அந்தச் சக்தி முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றி, டிஸ்க் வழியாகக் காற்றுக்கு விடுகிறது. கொழும்பு கண்டி வீதியில் கடுகண்ணாவை இறக்கத்தில் பஸ் சாரதிகள் கீழ்க் கியரில் இறக்குவதை நாம் கண்டிருக்கிறோம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடியை இழந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பாட் அளவுக்கு மீறிச் சூடானால் உரசும் பலம் குறைகிறது. பிரேக் ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகி, மிதி தரை வரைக்கும் இறங்கிவிடுகிறது.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகை ஒயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும். ஈரமேறிய நிலையில் தர அளவு 155 பாகைதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வது இதனால்தான். பெரிய பிரேக்கின் உண்மையான பயன் திரும்பத் திரும்பப் பிடிக்கும்போது வெப்பத்தைத் தாங்குவது. கென்ற்றில் உள்ள பிராண்ட்ஸ் ஹட்ச் போன்ற ஓட்டத்திடலில் சுற்றுச் சுற்றாக ஓடுபவருக்கு அது தேவை. ஹரோவிலிருந்து ஈஸ்ற்ஹாமுக்கு வேலைக்குப் போய் வருபவரின் பிரேக் அந்த வெப்பத்தைக் காண்பதே அரிது.

பெரிய பிரேக்குக்கு வேறு செலவுகளும் உண்டு. பழைய சில்லுக்குள் அது அடங்காமல் போகலாம். முன்பக்கத்தை மட்டும் பெருப்பித்தால் முன் பின் பிரேக்குகளுக்கு இடையிலான சமநிலை மாறும். ஓட்டத்திடலுக்கென்று செய்த பாட் குளிரில் சரியாகப் பிடிக்காது. தை மாதக் காலையில் வீட்டு வாசலிலிருந்து இறங்கும் காருக்கு அது ஆபத்து. வீதிக்கு வாங்கும் பாட்டில் ஆர்90 என்ற தர அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சஸ்பென்சனின் பிரச்சினை துள்ளல்

ஸ்பிரிங் காரின் பாரத்தைத் தாங்குகிறது. ஷொக் அப்சோபர் அந்த ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குகிறது. இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை ரயரை வீதியோடு அழுத்தி வைத்திருப்பது. ஷொக் அப்சோபர் தேய்ந்த காரில் ஒவ்வொரு கிடங்கிலும் மேட்டிலும் ரயர் சிறிது நேரம் பாரம் இழக்கிறது. அந்த நேரத்தில் பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. கார் கோணலாக நிற்கவும், நிறுத்தும் தூரம் கூடவும் இது காரணமாகிறது. இந்த வகையில் நல்ல சஸ்பென்சன் பிரேக்கின் ஒரு பாதி.

ஆனால் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பது வேறு. காரைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங், இறுக்கமான கொயிலோவர். கண்ணாடி போன்ற ஓட்டத்திடலில் இறுக்கம் உதவும். லண்டனில் சட்டப்படி வேகத்தடை மேடு 25 மி.மீ. முதல் 100 மி.மீ. வரை உயரமாக இருக்கலாம். தாழ்த்திய காரின் அடிப்பாகம் அதில் உரசும். மிக இறுக்கமான ஸ்பிரிங் குண்டும் குழியுமான வீதியில் ரயரைத் தூக்கித் தூக்கிப் போடும்; பிடி கூடுவதற்குப் பதில் குறையும். உயரத்தை மாற்றினால் சில்லின் நேர்சீர் பார்க்க வேண்டும், முன்விளக்கின் கோணம் பார்க்க வேண்டும், புதிய கார்களில் கண்ணாடியில் உள்ள கமராவையும் மீள ஒழுங்குபடுத்த வேண்டி வரலாம்.

சேர்பிற்றன் தரும் பாடம்

இந்தக் கேள்விக்கு நல்ல உதாரணம் எம்மவர் பலர் வாழும் கிங்ஸ்ரன் பகுதியிலேயே இருக்கிறது. நியூ மோல்டன், ரோல்வேர்த் பக்கம் மரக்கறி வாங்கப் போகிறவர்கள் கடந்து போகும் சேர்பிற்றனில்தான் கூப்பர் கார் நிறுவனம் இருந்தது. 1959 இலும் 1960 இலும் உலகக் கார்ப்பந்தயப் பட்டத்தை வென்ற கார்கள் அங்கே உருவானவை. அந்த நிறுவனத்தின் ஜோன் கூப்பர்தான் மினியை மினி கூப்பர் ஆக்கினார்.

1959 ஆம் ஆண்டு ஓகஸ்ற்றில் வெளிவந்த மினியை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நாம் பார்த்து வளர்ந்த மொரிஸ் மைனரும் அவர் வடிவமைத்ததுதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் குடித்து ஓடிய அந்தப் பழைய கார்களை மறக்க முடியுமா? மினிக்கு அலெக்ஸ் மோல்ற்றன் ரப்பரால் சஸ்பென்சன் அமைத்தார். குட்டிச் சில்லு, நாலு மூலையிலும் சில்லு. வளைவுகளில் அது வீதியோடு ஒட்டிக்கொண்டு ஓடியது.

சாதாரண மினியின் இயந்திரம் 848 சி.சி., 34 குதிரைவலு. 1961 இல் வந்த கூப்பரில் அது 997 சி.சி., 55 குதிரைவலு. வலுவைக் கூட்டியவர்கள் கூடவே முன்சில்லுகளுக்கு 7 அங்குல டிஸ்க் பிரேக் பொருத்தினார்கள். சஸ்பென்சனின் அடிப்படை அப்படியே இருந்தது. 1963 இல் கூப்பர் எஸ் 1071 சி.சி., 70 குதிரைவலுவோடு வந்தபோது டிஸ்க்கை 7.5 அங்குலமாக்கி, மிதிக்கு உதவும் சேர்வோவையும் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு அந்தக் கார் மொன்ரி கார்லோ பந்தயத்தை வென்றது.

வலுக் கூடியது, வெப்பம் கூடும், ஆகவே பிரேக் கூட வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. சஸ்பென்சன் ஏற்கெனவே நன்றாக இருந்ததால் அதற்குக் காசு கரைக்கவில்லை. எமது பிள்ளைகளின் கார் நிலைமை பெரும்பாலும் இதற்கு மாறானது. இயந்திர வலு தொழிற்சாலையில் விட்டபடியே இருக்கிறது, அதற்கேற்ற பிரேக்கும் இருக்கிறது. பத்து வருடம் லண்டன் கிடங்குகளில் விழுந்தெழும்பிய ஷொக் அப்சோபரும் ரப்பர் புஷ்களும்தான் களைத்துப் போயிருக்கின்றன.

ஆயிரம் பவுணை எப்படிச் செலவழிப்பது?

வணிகம் படித்தவர்களுக்கு மூலதனச் செலவும் வருமானச் செலவும் தெரியும். இருப்பதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பராமரிப்பு. இல்லாததைச் சேர்ப்பது மேம்படுத்தல். பராமரிப்பு முடியாத காரில் மேம்படுத்தல் செய்வது, கூரை ஒழுகும் வீட்டுக்கு மார்பிள் பதிப்பது போன்றது. கையில் ஆயிரம் பவுண் இருந்தால் நாம் சொல்லும் ஒழுங்கு இது.

முதலாவது, ரயர். சட்டம் கேட்கும் ஆகக் குறைந்த ஆழம் 1.6 மி.மீ. ஒரு 20 பென்ஸ் நாணயத்தைத் தவாளிப்பில் விடுங்கள். அதன் வெளி விளிம்பு தெரிந்தால் கராஜில் காட்ட வேண்டும். சட்டத்துக்கு மாறான ஒவ்வொரு ரயருக்கும் 2,500 பவுண் வரை தண்டமும் 3 புள்ளியும் கிடைக்கலாம். பரீட்சை சித்தியடைந்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி எடுத்தால் அனுமதிப்பத்திரம் இரத்தாகும்; எழுத்துப் பரீட்சையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். இளம் சாரதிக்கு இரண்டு மொட்டை ரயர் போதும்.

இரண்டாவது, இருக்கும் பிரேக்கைச் சரிசெய்தல். புதிய ஒயில், நல்ல தரமான பாட், தேவையென்றால் அதே அளவு டிஸ்க்.

மூன்றாவது, ஷொக் அப்சோபர். காரின் ஒரு மூலையை அமத்தி விட்டால் ஒருமுறை எழும்பி நிற்க வேண்டும்; ஊஞ்சல் போல் ஆடினால் பழுது. ஒயில் கசிவும், ரயர் திட்டுத்திட்டாகத் தேய்வதும் வேறு அடையாளங்கள். எப்போதும் சோடியாக மாற்றுங்கள், பிறகு நேர்சீர் பாருங்கள். இந்த மூன்றும் முடிந்தால் பெரும்பாலான கார்களில் பிள்ளை தேடிய அந்த இறுக்கமான ஓட்டம் தானாக வந்துவிடும்.

இதற்குப் பிறகும் காசு மிஞ்சினால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் காரின் குறை வெப்பமா, துள்ளலா? ஓட்டத்திடலில் சில சுற்றுக்குப் பிறகு மிதி இளகுகிறது, அல்லது இயந்திர வலுவைக் கூட்டியாயிற்று என்றால் பிரேக். வளைவில் சரிகிறது, மேட்டில் மிதக்கிறது என்றால், அதிகம் தாழ்த்தாத, வீதிக்கென்று செய்த நல்ல ஷொக் அப்சோபரும் ஸ்பிரிங்கும். இரண்டும் இல்லையென்றால் காசை வங்கியில் விடுங்கள்.

வாங்க முன்னரே எண்ணத் தேவையானவர்கள், காரின் இலக்கத்தை அரசின் இணையத்தளத்தில் கொடுத்து எம்ஓரி வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம். பிரேக், சஸ்பென்சன் பற்றி முன்னைய பரிசோதகர்கள் எழுதிய எச்சரிக்கைகள் அங்கே வருடவாரியாக இருக்கும்.

காப்புறுதியில் ஒளிக்க வேண்டாம்

தொழிற்சாலை அமைப்பிலிருந்து மாற்றிய எதையும் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். தாழ்த்திய ஸ்பிரிங்கும் மாற்றம்தான், பெரிய பிரேக்கும் மாற்றம்தான். "பாதுகாப்புக்குத்தானே போட்டோம்" என்பது விடையாகாது. 2012 ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டத்தின்படி, கேட்ட கேள்விக்குத் தவறான விடை தராமல் இருக்க நியாயமான கவனம் எடுப்பது எமது கடமை. வேண்டுமென்றே மறைத்தால் நிறுவனம் ஒப்பந்தத்தையே செல்லாததாக்கி, கட்டிய காசையும் வைத்துக்கொள்ளலாம். கவனக்குறைவால் நடந்தால் நட்டஈட்டின் ஒரு பங்கை மட்டும் தரலாம். மாற்றம் செய்ய முன்னரே அழைத்து, கட்டணம் எவ்வளவு கூடும் என்று கேளுங்கள். சிலவேளை அந்த மேலதிகக் கட்டணமே முடிவை எடுத்துத் தந்துவிடும். ஓட்டத்திடலில் ஓடுவதைச் சாதாரண காப்புறுதி பொதுவாக உள்ளடக்குவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளை ஓடும் காரைத் தகப்பன் பிரதான சாரதி என்று பதிந்து கட்டணத்தைக் குறைப்பது எம்மிடையே உதவி போலப் பேசப்படுகிறது. இந்த நாட்டில் அது மோசடி. விபத்து நடந்த அன்றைக்குத்தான் அதன் விலை தெரியவரும்.

செய்த வேலைகளின் பற்றுச்சீட்டுகளை ஒரு கோவையில் போட்டு வையுங்கள். விற்கும்போது புதிய ரயருக்கும் பராமரிப்புப் பதிவுக்கும் வாங்குபவர் மதிப்புக் கொடுப்பார். மேம்படுத்தலுக்குப் போட்ட காசு பெரும்பாலும் திரும்பி வராது. தாழ்த்திய காரைக் கண்டு விலகுபவரே அதிகம். கழற்றிய பழைய பாகங்களை எறியாமல் வைத்திருந்தால் விற்க முன் மாற்றிப் பூட்டலாம்.

கடைசியாக, பிள்ளையோடு இருந்து ஹைவே கோட் கணக்கை ஒருமுறை பாருங்கள். 30 மைலில் வரும் 23 மீற்றரில் முதல் 9 மீற்றர் கால் மிதியைத் தொட முன்னரே ஓடிவிடுகிறது. கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது 9 இல் நிற்காது. அந்தத் தூரத்தைக் குறைக்கிற பாகத்தை எந்தக் கராஜிலும் விற்பதில்லை.