கூடாரத்தைத் தின்ற பூசணம்

தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்குக் காளான் புதிதல்ல. மழை விட்ட மறுநாள் செத்த கித்தா மரக் கட்டையில் வரிசை வரிசையாய்க் குடை பிடித்து நிற்கும். செம்பனை ஆலைக்குப் பின்னால் குவித்த வெற்றுக் குலைகளிலும் முளைக்கும். பறித்து வந்து குழம்பு வைப்பாரும் உண்டு. (எல்லாக் காளானும் குழம்புக்கு ஆகாது, பிள்ளைகளே! விவரம் தெரிந்த பெரியவர்கள் காட்டாததைத் தொடாதீர்கள்.)

அதே இனத்தில் நம் வயிற்றில் அடித்த ஒன்றும் உண்டு. ‘வெள்ளை வேர் நோய்’ என்று பழைய மண்டோர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், ஒரு பெருமூச்சு வரும். காட்டை அழித்துக் கித்தா நட்டபோது மண்ணுக்குள் விட்டுப்போன பழைய கட்டைகளிலும் வேர்களிலும் இந்தக் காளான் உயிரோடு இருந்தது. அங்கிருந்து வெள்ளை நூலாய் ஊர்ந்து, பக்கத்து இளமரத்தின் வேரைப் பற்றிக்கொள்ளும். இலை மஞ்சளாகி நமக்குத் தெரிய வரும்போது வேர் முக்கால்வாசி மக்கியிருக்கும். அடிமண்ணைக் கிளறி வேர் பார்ப்பது, நோய் கண்ட மரத்தைச் சுற்றிக் கான் வெட்டுவது, கந்தகத் தூள் போடுவது எல்லாம் நம் பாட்டன் பாட்டிமார் வெயிலிலும் மழையிலும் பார்த்த வேலை. நிரையில் பத்து மரம் செத்தால் அத்தனை பால் குறையும். பால் குறைந்தால் சம்பளம் குறையும். சும்மாவா திட்டினார்கள் அந்தக் காளானை!

பல்லும் இல்லாத, வாயும் இல்லாத ஒரு பூசணம் இரும்பு போன்ற மரத்தை எப்படித் தின்கிறது? நாம் சோற்றை விழுங்கிவிட்டு வயிற்றுக்குள் செரிக்கிறோம். காளான் செரித்துவிட்டு உண்கிறது. ‘நொதி’ எனப்படும் என்சைமை வெளியே கசிய விடுகிறது. அது மரத்தைக் கரைத்துச் சர்க்கரையாக்குகிறது. பிறகு காளான் அதை உறிஞ்சிக்கொள்கிறது. இந்த நொதியைத்தான் மனிதன் பிடித்து வேலை வாங்கக் கற்றுக்கொண்டான். அது நடந்த கதை விசித்திரமானது.

இரண்டாம் உலகப் போர்க் காலம். பசிபிக் தீவுகளில் இறங்கிய அமெரிக்கப் படைக்கு ஜப்பானியர் மட்டும் எதிரியாக இருக்கவில்லை. பருத்திக் கூடாரங்கள், இடைவார்கள், உடைகள் எல்லாம் அந்த ஈரத்தில் மக்கி, தொட்டால் கிழிந்தன. எதனால் என்று கண்டறிய இராணுவம் அறிவியலாளர்களை அமர்த்தியது. கெட்டுப்போன துணிகளிலிருந்து ஆயிரக்கணக்கான பூசணங்களைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். அவற்றில் ஒன்று, சாலமன் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பூகன்வில் தீவில் மக்கிய பருத்தித் துணியில் கிடைத்த ஒரு பச்சைப் பூசணம். அதற்குக் ‘கியூ.எம். 6ஏ’ என்று எண் போட்டு வைத்தார்கள்.

முதலில் அதைக் கொல்லும் வழியைத்தான் தேடினார்கள். எல்வின் ரீஸ் என்பவருக்கோ, அது துணியை எப்படித் தின்கிறது என்பதே பெரிய கேள்வியாகத் தோன்றியது. அவரும் மேரி மண்டெல்ஸ் அம்மையாரும் நேட்டிக் என்னும் ஊரிலிருந்த இராணுவ ஆய்வுக்கூடத்தில் ஆண்டுக்கணக்காக அதனோடு பாடுபட்டார்கள். துணிக்கும் மரத்துக்கும் உடம்பாக இருக்கும் செல்லுலோஸ் என்னும் நாரை அறுப்பதில் இந்தப் பூசணம் கெட்டிக்காரன் என்று தெரிந்தது. 1977இல் அதற்கு ‘டிரைகோடெர்மா ரீசி’ என்று ரீஸின் பெயரையே சூட்டினார்கள்.

இதில் நான் மிகவும் ரசித்த செய்தி ஒன்று உண்டு. இந்தப் பூசணத்துக்குச் சர்க்கரையை ஊட்டினால் சோம்பேறியாகிவிடும்; அந்த நொதியைச் சுரக்காது. வைக்கோல், தவிடு, பழைய தாள் என்று கடினமான பண்டத்தைப் போட்டால்தான் ‘சரி, வேலை இருக்கிறது’ என்று நொதியைக் கொட்டும். ஆகவே கழிவுப் பொருள் மலிவு என்பதற்காக மட்டும் தேவைப்படவில்லை, அதுவே பூசணத்தைத் தட்டி எழுப்பியது.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. நேட்டிக்காரர்கள் பழைய செய்தித்தாளை அரைத்து, இந்த நொதியால் சர்க்கரையாக்கி, அதிலிருந்து எரிசாராயம் எடுக்க முடியும் என்று காட்டினார்கள். எண்ணெய் விலை இறங்கியதும் அந்த வேகம் தணிந்தது. ஆனால் நொதி வேறு வழியில் சந்தைக்கு வந்தது. ஜீன்ஸ் துணி வெளுத்தாற்போல் தெரிய, முன்பு எரிமலைக் கல்லைப் போட்டு உருட்டுவார்கள். 1980களின் கடைசியிலிருந்து கல்லுக்குப் பதில் செல்லுலோஸ் நொதி அந்த வேலையைச் செய்கிறது. சிப்பாயின் கூடாரத்தைக் கிழித்த அதே குணந்தான், நம்ம பிள்ளைகள் போடும் கால்சட்டைக்கு அழகு செய்கிறது! இன்று ஆலைகளில் வளர்க்கும் ரீசி வகைகள் பூகன்வில் துணியில் கிடைத்த அந்த ஒன்றின் வாரிசுகளே.

ஆனால் மரத்தில் செல்லுலோஸ் மட்டும் இல்லை. கட்டடத்தில் இரும்புக் கம்பியைச் சுற்றிச் சிமெண்டு பிடித்திருப்பதுபோல், நாரைச் சுற்றி லிக்னின் என்னும் பழுப்புப் பசை இறுகியிருக்கிறது. அதற்கு ரீசியின் நொதி போதாது. அந்தப் பசையை உடைக்க வல்லவை வெண்மக்கல் காளான்கள். பழுப்பைத் தின்றுவிட்டு வெள்ளை நாரை மிச்சம் வைப்பதால் அந்தப் பெயர். 1983இல் அமெரிக்காவில் இரண்டு குழுவினர் தனித்தனியே, அப்படிப்பட்ட ஒரு காளானிலிருந்து லிக்னினைச் சிதைக்கும் நொதியைக் கண்டுபிடித்தார்கள். ‘லாக்கேஸ்’ என்னும் இன்னொரு நொதி அதற்கு நூறாண்டு முந்தியது. 1883இல் யோஷிடா என்னும் ஜப்பானியர் அரக்குமரப் பாலில் கண்டது அது. அதுவும் கித்தாவைப் போல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் மரந்தான்! நம் கித்தாவை அழித்த வெள்ளை வேர்க் காளானும் வெண்மக்கல் இனமே. மரத்தை மக்கச் செய்ய அதுவும் லாக்கேஸைச் சுரக்கிறது.

இப்போது செம்பனைக்கு வருவோம். ஆலைக்குப் போகும் குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் பழம் உதிர்ந்த வெற்றுக் குலையாகத் திரும்புகிறது. முன்பு அதை எரித்து, சாம்பலைத் தோட்டத்துக்கு உரமாகப் போட்டார்கள். பிறகு மரத்தடியில் பரப்பும் வழக்கம் வந்தது. மலேசியப் பல்கலைக்கழகங்களில் அதே குலை நாரில் பூசணங்களை வளர்த்து நொதி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நொதி கிடைக்கிறது. செலவுதான் இடிக்கிறது: நாரைக் காயவைத்து நறுக்க வேண்டும், லிக்னினை இளக்க வேண்டும், வேறு கிருமி புகாமல் வேகவைக்க வேண்டும், ஈரமும் சூடும் மாறாமல் பல நாள் காவல் காக்க வேண்டும். லிக்னினை இளக்கும் முதல் வேலையை வெண்மக்கல் காளானிடமே கொடுத்துவிடலாம் என்பாரும் உண்டு. ஆனால் அது அவசரப்படாது, வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும்.