ஸ்டாலின்கிராட் என்னும் சொல்

ரஷ்ய மொழியில் 'சாரித்சா' என்றால் பேரரசி. வோல்காக் கரையில் இருந்த பழைய கோட்டை நகரின் பெயர் சாரித்சின். பேரரசியின் ஊர் என்று பொருள் கொள்வதுதான் ரஷ்யக் காதுக்கு இயல்பு. ஊர்ப்பெயர் ஆய்வாளர் பலரும் அதை ஏற்பதில்லை. அங்கே வோல்காவில் வந்து கலந்த சிற்றாற்றைப் புல்வெளியின் துருக்கிய இன மக்கள் 'சாரி சு' என்று அழைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. சாரி என்றால் மஞ்சள், சு என்றால் நீர். களிமண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடிய ஆற்றுக்குப் பொருத்தமான பெயர். 1589ஆம் ஆண்டு ஆவணங்களில் கோட்டையின் பெயர் தென்படுகிறது. குடியேறிய ரஷ்யர்கள் தங்களுக்குப் புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாகத் திரித்துக்கொண்டார்கள். உலகெங்கும் ஊர்ப்பெயர்கள் இப்படித்தான் மாறுகின்றன. எந்த ஆணையும் தேவைப்படவில்லை, நாக்குகள் போதுமானவையாக இருந்தன.

அடுத்த இரண்டு மாற்றங்கள் அப்படி நடக்கவில்லை. 1925 ஏப்ரல் 10 அன்று சாரித்சின் ஸ்டாலின்கிராட் ஆனது. 1961 நவம்பர் 10 அன்று ஸ்டாலின்கிராட் வோல்கோகிராட் ஆனது. இரண்டும் மேலிருந்து வந்தவை.

ஸ்டாலின் என்பதே சூட்டிக்கொண்ட பெயர். ஜார்ஜியாவில் பிறந்த ஜுகாஷ்விலி, எஃகைக் குறிக்கும் 'ஸ்தால்' என்ற ரஷ்யச் சொல்லிலிருந்து அதை அமைத்துக்கொண்டார். அந்தப் பெயர் நம் வீடுகள் வரை வந்திருக்கிறது. 1953 மார்ச் 5 அன்று அவர் இறப்பதற்கு நான்கு நாள் முன் பிறந்த மு.க. ஸ்டாலின் அதற்கு நமக்குத் தெரிந்த சான்று. 'கிராட்' என்ற ஈறும் கவனிக்கத்தக்கது. நகரத்தைக் குறிக்க ரஷ்யர் அன்றாடம் புழங்கும் சொல் 'கோரத்'. 'கிராட்' அதன் தேவாலய வழக்கு வடிவம், செய்யுள் மணம் வீசுவது. மதத்தை ஒழிக்கப் புறப்பட்ட ஆட்சி, தலைவர்களுக்கு ஊர் சமைக்கும்போது பூசை மொழியிடம் கடன் வாங்கியது.

ஏன் இந்த ஊருக்கு அந்தப் பெயர்? உள்நாட்டுப் போரின் நடுவே, 1918 ஜூனில் தானியம் திரட்டுவதற்காக ஸ்டாலின் சாரித்சினுக்கு அனுப்பப்பட்டார். வந்தவர் போர் நிர்வாகத்தையும் கையில் எடுத்துக்கொண்டார். ஜார் காலப் படையிலிருந்து வந்து செம்படையில் பணியாற்றிய அதிகாரிகளை நம்ப மறுத்தார். கைதான பலர் வோல்காவில் நின்ற ஒரு படகில் அடைக்கப்பட்டனர். பூசல் முற்றி, செம்படைக்குத் தலைமை தாங்கிய திரோட்ஸ்கியின் வற்புறுத்தலால் அக்டோபரில் அவர் திரும்ப அழைக்கப்பட்டார். மறு ஆண்டு ஜூன் இறுதியில் எதிர்த்தரப்புத் தளபதி விராங்கெலின் வெண்படை நகரைப் பிடித்தது. 1920 ஜனவரியில்தான் செம்படையால் மீட்க முடிந்தது. இவ்வளவு கலங்கலான ஒரு கதையிலிருந்து 'சாரித்சினைக் காத்த மேதை' பிறந்தார். ஸ்டாலினின் ஐம்பதாம் பிறந்தநாளை ஒட்டி 1929இல் அவர் கூட்டாளி வொரஷீலவ் எழுதிய கட்டுரை அந்த வார்ப்பைச் செய்தது. 1937இல் அலெக்சேய் தல்ஸ்தோய் 'ரொட்டி' என்ற நாவலில் அதற்குச் சதை பூட்டினார். பெயர் முதலில் வந்தது, அதைத் தாங்கும் வரலாறு பின்னால் எழுதப்பட்டது. இந்த வரிசையை நாம் மறக்கக்கூடாது. பெயர்மாற்றத்துக்கு முன்நின்ற உள்ளூர்க் கட்சிச் செயலர் ஷெபல்தாயெவ் 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தக் காலத்துச் சோவியத் வரைபடத்தைப் பெயர்கள் வழியாகப் படித்தால், யார் மேலே ஏறினார், யார் கீழே தள்ளப்பட்டார் என்பது தெரிந்துவிடும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே உள்ள காட்சினா 1923இல் திரோட்ஸ்க் ஆனது; திரோட்ஸ்கி நாடு கடத்தப்பட்ட 1929இல் அப்பெயர் போயிற்று. உக்ரைனின் எலிசவெத்கிராட் 1924இல் சினோவியெவ்ஸ்க், சினோவியெவ் வீழ்ந்ததும் 1934இல் கீரவா, 1939இல் கீரவகிராட், 2016இல் நாடகாசிரியர் ஒருவரின் நினைவாகக் குரொபிவ்னித்ஸ்கி. பெர்ம் நகரம் 17 ஆண்டுகள் மோலடவ் என்றிருந்தது. எல்லைக்கு வெளியேயும் இந்த வழக்கம் பரவியது. பல்கேரியாவின் வார்னா, ருமேனியாவின் பிரஷோவ், போலந்தின் கத்தோவித்சே ஆகியவை ஸ்டாலின் பெயரைச் சில ஆண்டுகள் சுமந்தன. அங்கே வாழ்ந்தவர்களுக்கு இது வெறும் பலகை மாற்றமல்ல. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று, கல்லறையில் மூன்றாவது.

ஆனால் ஸ்டாலின்கிராட் மற்றவற்றைப் போல ஒரு பெயர்ப் பலகையாகவே நின்றுவிடவில்லை. 1942 ஜூலை 17இல் தொடங்கி 1943 பிப்ரவரி 2இல் முடிந்த போர் அந்தச் சொல்லின் பொருளையே மாற்றியது. சோவியத் தரப்பில் மட்டும் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் ஏறத்தாழ 4,80,000 பேர். அவர்கள் சாவால் அந்தச் சொல் ஒரு தனிமனிதரிடமிருந்து பிரிந்து போனது. பாரிஸ் மெட்ரோவில் இன்றும் ஸ்டாலின்கிராட் என்றொரு நிலையம் இருப்பது இதனால்தான். அங்கே இறங்குகிறவர்களுக்கு அது நாஜிகள் தோற்ற இடத்தின் பெயர். போரின் முழுக் கதையை மட்டும் அரசு தன் கையிலேயே வைத்துக்கொண்டது. ஓரடி கூடப் பின்வாங்கக் கூடாது என்று படைகளுக்கு வாசிக்கப்பட்ட 227ஆம் எண் ஆணை, சொந்தப் படைக்குப் பின்னால் தடுப்புப் படைகளை நிறுத்தச் சொன்ன அந்த ஆணை, 1988இல்தான் வெளிப்படையாக அச்சேறியது.

1961 அக்டோபரில் கட்சியின் 22ஆம் மாநாடு ஸ்டாலினின் குற்றங்களைப் பேசியது. மாத இறுதியில் அவர் உடல் செஞ்சதுக்க மண்டபத்திலிருந்து அகற்றப்பட்டது. பத்து நாளில் நகரின் பெயரும் போனது. நூல்களில் 'வோல்காப் போர்' என்ற தொடர் புழக்கத்துக்கு வந்தது. வோல்கா–டான் கால்வாயின் வாயிலில் நின்ற பெருஞ்சிலை அகற்றப்பட்டு, பின்னாளில் அதே இடத்தில் லெனின் வைக்கப்பட்டார். கொலைகாரரின் பெயரை நீக்கியதில் தவறில்லை என்றுதான் நானும் சொல்வேன். நீக்கிய முறைதான் உறுத்துகிறது. யார் எங்கே எந்த ஆணையால் கொல்லப்பட்டார்கள் என்ற பட்டியல் பூட்டியே கிடந்தது. பெயரை மட்டும் அழித்தார்கள். திரோட்ஸ்கியை வரைபடத்திலிருந்து எடுத்த அதே கை, அதே வேலையை ஸ்டாலினுக்கும் செய்தது.

இதற்கு அதே ஆண்டில் ஒரு சாட்சி உண்டு. செம்படை நாளேட்டின் செய்தியாளராக ஸ்டாலின்கிராடில் மாதக்கணக்கில் இருந்தவர் வசீலி குரோஸ்மன். போரைப் பற்றிய தன் முதல் பெருநாவலுக்கு 'ஸ்டாலின்கிராட்' என்றே பெயர் வைக்க விரும்பினார். 1952இல் அது 'நியாயமான நோக்கத்துக்காக' என்ற தலைப்பில்தான் வெளியானது. அதன் தொடர்ச்சியான 'வாழ்வும் விதியும்' நாஜி முகாமையும் சோவியத் முகாமையும் அருகருகே வைத்துப் பார்த்தது. 1961 பிப்ரவரியில் கேஜிபி வீடு புகுந்து கைப்பிரதிகளை அள்ளிச் சென்றது. தட்டச்சு நாடாவையும் கார்பன் தாளையும் கூட விடவில்லை. ஸ்டாலினைத் துறந்த ஆட்சி, ஸ்டாலின்கிராடைப் பற்றிய உண்மையைக் கைது செய்த ஆண்டு அது. குரோஸ்மன் 1964இல் இறந்தார். நூல் 1980இல் சுவிட்சர்லாந்திலும், 1988இல் சோவியத் மண்ணிலும் வெளிவந்தது. 1967இல் வோல்கோகிராடின் மமாயெவ் குன்றில் 85 மீட்டர் உயரத் தாய்நாட்டுச் சிலை எழுந்தபோது, நினைவகச் சுவரில் அவருடைய போர்க்காலக் கட்டுரையின் வரிகளைப் பொறித்தார்கள். அவர் பெயரைப் பொறிக்கவில்லை.

இப்போது அந்தச் சொல் திரும்பி வருகிறது, தவணை முறையில். 2004இல் மாஸ்கோவின் அறியப்படாத வீரர் கல்லறை அருகே உள்ள கல்லில் 'வோல்கோகிராட்' என்பது 'ஸ்டாலின்கிராட்' ஆக்கப்பட்டது. 2013இல் ஆண்டுக்கு ஆறு நாள் விழாக்களில் பழைய பெயரைப் பயன்படுத்த நகரமன்றம் இசைந்தது. 2021 டிசம்பர் 28 அன்று, ஸ்டாலின் கால அடக்குமுறையின் பலியாட்களைப் பெயர் பெயராகத் தேடிப் பதிந்துவந்த 'மெமோரியல்' அமைப்பைக் கலைக்க ரஷ்ய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023இல் போர் வெற்றியின் எண்பதாம் ஆண்டையொட்டி வோல்கோகிராடில் ஸ்டாலினின் மார்பளவுச் சிலை திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் புதினின் ஆணைப்படி நகரின் விமான நிலையத்துக்கு ஸ்டாலின்கிராட் என்று பெயர் வந்தது.

இந்தத் தேதிகளைத் தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் சமாதானம் சொல்லலாம்: மடிந்த வீரர்களுக்கு மரியாதை, வரலாற்றுக்கு மரியாதை. அவர்களுக்கு அந்தப் பெயரின் மேல் உரிமை உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். அது அவர்கள் ரத்தத்தால் பெற்ற பொருள். ஆனால் 2021இல் நடந்ததை நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். போரில் இறந்தவர்களின் பெயரால் ஸ்டாலின் உள்ளே வருகிறார். ஸ்டாலினால் இறந்தவர்களின் பெயர்களைப் பதிந்தவர்கள் வெளியே அனுப்பப்படுகிறார்கள். 1961இல் அழிப்பதற்குப் பயன்பட்ட அதிகாரம் இன்று எழுதுவதற்குப் பயன்படுகிறது. நகரத்துக்குப் பழைய பெயரைத் தருவதா வேண்டாமா என்பதை அங்கே வாழ்கிறவர்கள் பேசித் தீர்க்கட்டும். அந்தப் பேச்சு நேர்மையாக நடக்க வேண்டுமானால், பூட்டிய ஆவணக் காப்பகங்கள் முதலில் திறக்கப்பட வேண்டும். மமாயெவ் குன்றின் சுவரில் குரோஸ்மனின் வரிகளுக்குக் கீழே அவர் பெயர் எழுதப்பட வேண்டும்.