‘கிளொக்’ என்னும் சொல்

‘கிளொக்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் முகமும் முள்ளும் உள்ள ஒரு பொருளே நம் மனக்கண்ணிற் தோன்றும். ஆயின் அச்சொல் பிறந்த நாளில் அதற்கு முகமும் இல்லை, முள்ளும் இல்லை. ஓசை ஒன்றே இருந்தது.

இடைக்கால இலத்தீனிலே ‘கிளொக்கா’ என்றால் மணி. மணியை ஜேர்மானியர் இன்றும் ‘குளொக்கெ’ என்பர். பிரெஞ்சுக்காரர் ‘குளோஷ்’ என்பர். ஒல்லாந்தரின் ‘குளொக்’ மணியையும் குறிக்கும், மணிக்கூட்டையும் குறிக்கும். ஆங்கிலேயர் 14ஆம் நூற்றாண்டளவில் இச்சொல்லைக் கைக்கொண்டது பழைய ஒல்லாந்தரிடமிருந்தே என்பர்.

இலத்தீனுக்கு இஃது எங்கிருந்து வந்தது? உரோமாபுரியிலிருந்து அன்று! பழைய ஐரிஷ் மொழியிலே மணிக்குப் பெயர் ‘குளொக்’. 6ஆம், 7ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகள் கடல் கடந்து சென்று ஐரோப்பாவின் உட்பகுதிகளில் மடங்களை நிறுவினர். வேளைதோறும் வழிபாட்டுக்கு அழைக்க அவர்களுக்குக் கைமணி வேண்டியிருந்தது. புனித பற்றிக்கின் பெயரால் வழங்கும் அத்தகைய இரும்பு மணியொன்றை டப்ளின் நூதனசாலையில் இன்றும் காணலாம். மணியோடு அதன் பெயரும் பயணஞ் செய்தது என்பதே அறிஞர் பலர் கொள்கை. மணியோசையைப் பின்பற்றியே அச்சொல் முதலில் எழுந்திருக்கவும் கூடும். எவ்வாறாயினும், ஒரு சிறு தீவின் மொழி பேரரசின் மொழிக்குச் சொல் வழங்கியது என்பதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாரத்தால் இயங்கும் பொறிகள் ஐரோப்பாவில் தோன்றின. சாலிஸ்பரிப் பேராலயத்திலுள்ள பொறி 1386ஆம் ஆண்டளவில் அமைந்தது எனக் கருதப்படுகின்றது. அதற்கு முகமே கிடையாது. மணிக்கொருமுறை மணியை அடிப்பதே அதன் தொழில். மணியின் பெயர் பொறிக்கு ஏறியதில் வியப்பென்ன?

தென்னாட்டார் வேறு வழி சென்றனர். கிரேக்கர் நிழற் கருவிக்கும் நீர்க் கருவிக்கும் ‘நேரஞ் சொல்வது’ என்னும் பொருளில் இட்ட பெயர் இலத்தீன் வழியாக இத்தாலியரிடம் ‘ஒரொலோஜோ’, ஸ்பானியரிடம் ‘ரெலொஹ்’, பிரெஞ்சுக்காரரிடம் ‘ஒர்லோஜ்’ எனத் திரிந்தது. ஒல்லாந்தரும் இதன் வடிவமொன்றை வழங்கினர். சிங்களத்தில் வழங்கும் ‘ஒரலோசுவ’ அவர்கள் விட்டுச்சென்றதே.

சுவீடன் நாட்டிலே மணிக்கும் மணிக்கூட்டுக்கும் ‘குளொக்கா’ என்னும் ஒரே சொல்தான். நேரம் அறிய விரும்பும் சுவீடன்காரர் ‘குளொக்கா என்ன?’ என்றே வினவுவர். இதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், எவரிடமும் கடன் வாங்காமல் நம் வீடுகளில் நாடோறும் நாம் கேட்கும் ‘மணி என்ன?’ என்பதே வரும்.