லிஸ்பன் கரையில் ஒரு கல் கப்பல்

போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில், தேஜோ ஆற்றங்கரையில் பெலேம் என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே தண்ணீரைப் பார்த்தபடி ஒரு கப்பல் நிற்கிறது. கல்லும் கான்கிரீட்டுமாய் 50 மீட்டருக்கு மேல் உயரம்! 'கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம்' என்று பெயர்.

முனையில் இளவரசர் ஹென்றி, கையில் சிறு கப்பலோடு. (கடலோடி என்ற பட்டம் பெற்ற இவர், மொராக்கோவைத் தாண்டிக் கப்பலில் போனதில்லை. மற்றவர்களை அனுப்பினார், அவ்வளவுதான்.) அவருக்குப் பின்னால் 32 பேர். வாஸ்கோடகாமா, மெகல்லன், கவிஞர் கமோயிஷ்... ஒரே பெண், ஹென்றியின் தாய் பிலிப்பா. தமிழர்களுக்குப் பழகிய முகமும் ஒன்று உண்டு: 1542ல் கோவா வந்து, முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணியாற்றிய புனித சவேரியார்.

அரசர், தளபதி, துறவி, ஓவியர் எல்லாரும் இருக்கிறார்கள் சரி. பாய்மரக் கயிறு இழுத்தவன் எங்கே?

1497ல் காமாவோடு நான்கு கப்பல்களில் கிளம்பியவர்கள் சுமார் 170 பேர். பாதிக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பவில்லை. பெரும்பாலோரைக் கொன்றது ஸ்கர்வி நோய்: பழமும் காய்கறியும் இல்லாமல் ஈறு வீங்கி, பல் ஆடி, பழைய காயங்கள் மீண்டும் திறந்து வரும் சாவு. திரும்பும் வழியில் ஆள் போதாமல் சாவோ ரஃபாயேல் கப்பலைத் தாங்களே கொளுத்தினார்கள். மிளகு வியாபாரத்தின் லாபக் கணக்கு வரலாற்றில் பத்திரமாக இருக்கிறது. இந்த நட்டக் கணக்கில் பெயர்கள்கூட இல்லை. மாலிந்தியில் ஏறி இந்தியக் கரைக்கு வழி காட்டிய மாலுமிக்கும் அங்கே சிலை கிடையாது!

இதைக் கட்டியவர்களுக்கு மாலுமிகள் முக்கியமில்லை என்பதே காரணம். சர்வாதிகாரி சலாசார் ஆட்சியில், 1940 கண்காட்சிக்காகத் தற்காலிகமாக எழுப்பிப் பிறகு பிரித்துவிட்டார்கள். ஹென்றி இறந்து 500 ஆண்டுகள் ஆனதை ஒட்டி 1960ல் நிரந்தரமாக, பெரிதாகக் கட்டினார்கள். முன்னால் தரையில் 50 மீட்டர் அகலத்துக்குப் பளிங்குத் திசைகாட்டி, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் பரிசு. காலனிகளை விட்டுவிடுங்கள் என்று உலகமே சொன்ன நேரம் அது. விடமாட்டோம் என்ற பதில்தான் இந்தக் கல்.

அடுத்த ஆண்டே அங்கோலாவில் போர் வெடித்தது. 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் கோவாவுக்குள் நுழைந்தது. 451 ஆண்டு ஆட்சி, ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முடிந்தது.